பந்தியில் பிரிந்த பாடசாலைகள்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தின் முகமே மாறிவிடும். டிரங்குப்பெட்டி, பிளாஸ்டிக் வாளி, சுருட்டிக் கட்டிய பாய், 'வேளாவேளைக்குச் சாப்பிடுப்பா' என்று சொல்லிக்கொண்டே பின்னால் வரும் அம்மா... ராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடி பஸ்களில் இருந்து பிள்ளைகள் காலேஜ் ஹாஸ்டலில் சேர வந்து இறங்குவார்கள்.

சேர்ந்த சில மாதங்களில் 'கல்ச்சுரல்ஸ்' வரும். பாங்ரா, திருவாதிரைக்களி, ஒயிலாட்டம்... ஒரே மேடையில் இந்தியா மொத்தமும் வந்து போகும். விசிலடித்துக் கைதட்டுவோம். தப்பே இல்லை. ஆனால், நிகழ்ச்சி முடிந்து மெஸ்ஸுக்குப் போகும்போது யார் யாரோடு உட்காருகிறார்கள்? விஷயம் அங்கேதான் இருக்கிறது.

மதுரைக்கு இது புதிய கேள்வி அல்ல. நானூறு வருடத்துக்கு முந்தையது.

1606. மதுரையில் நாயக்கர் ஆட்சி. இத்தாலியில் பிரபுக் குடும்பத்தில் பிறந்த ராபர்ட் டி நொபிலி என்ற இயேசு சபைப் பாதிரியார் ஊருக்குள் வருகிறார். வயது இருபத்தொன்பது. வந்த வேலை மதப் பிரசாரம். ஆனால், வந்த இடத்தில் அவர் முதலில் மாணவராக வேண்டியிருந்தது. தமிழ் படித்தார், தெலுங்கு படித்தார், சம்ஸ்கிருதமும் படித்தார். காவி உடை, நெற்றியில் சந்தனம், காலில் பாதக்குறடு, சைவச் சாப்பாடு என்று ஆளே மாறிப்போனார். ஊர் அவரை 'தத்துவ போதகர்' என்றது.

1610-ல் அவர் எழுதிய கடிதம் ஒன்றில் அன்றைய மதுரை பற்றி ஆச்சரியமான தகவல் இருக்கிறது. உயர்கல்வி படிக்கும் மாணவர்கள் மட்டும் இந்த ஊரில் பத்தாயிரம் பேருக்கு மேல். இருநூறு, முந்நூறு பேராகப் பிரிந்து வெவ்வேறு ஆசிரியர்களிடம் படிக்கிறார்கள். இன்றைக்கு ஒரு பல்கலைக்கழகமே பெருமைப்படக்கூடிய கணக்கு! ஆனால், அதே கடிதத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. அந்தப் பத்தாயிரம் பேருமே பிராமணர்கள். உயர்ந்த சாஸ்திரங்களைப் படிக்கும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான். தலையை எண்ணினால் பத்தாயிரம், சாதியை எண்ணினால் ஒன்றே ஒன்று.

நொபிலி இதை எதிர்த்தாரா? இல்லை. அதற்குள்ளேயே தன்னைப் பொருத்திக்கொண்டார். அவருக்கு முன்பே மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் இருந்தார். பரதவ மக்களுக்காக ஊழியம் செய்தவர். ஊர் பார்வையில் அவர் 'பறங்கி'. அவரோடு ஒட்டி இருந்தால் உயர்சாதியினர் தன்னை ஒதுக்கிவிடுவார்கள் என்று நொபிலி தனி வீடு, தனிச் சமையல் என்று பிரிந்துபோனார். ஒரே மதம், ஒரே சபை, ஒரே ஊர்... ஆனால் இரண்டு அடுப்பு!

பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் அனுப்பினார். பஞ்சாயத்து கோவா வழியாக ரோம் வரை போனது. 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி, நொபிலியின் வழிக்கு அனுமதி கொடுத்தார். பிறகு 1640 வாக்கில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று 'பண்டாரசாமி' என்ற தனிப் பிரிவே வந்தது. வேற்று மொழியை, வேற்று உடையை, வேற்று உணவை இவ்வளவு ஆசையாகக் கற்றுக்கொண்ட ஒரு மனிதரால் பந்தியை மட்டும் மாற்ற முடியவில்லை.

சரி, அது நாயக்கர் காலம். சுதந்திரப் போராட்டக் காலத்துக்கு வருவோம். அப்போதாவது மாறியதா?

மாட்டுத்தாவணியில் இருந்து நெல்லை பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறினால் சேரன்மகாதேவி. 1920-களில் அங்கே ஒரு தமிழ்க் குருகுலம் நடந்தது. நடத்தியவர் சாதாரண ஆள் இல்லை. லண்டனில் சாவர்க்கரோடு இருந்த புரட்சிக்காரர், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி, குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்... வ.வே.சு. ஐயர்! தேசபக்தியும் தமிழும் உடலுழைப்பும் சேர்ந்த கல்வி என்பது திட்டம். எல்லா சாதிப் பிள்ளைகளும் சேரலாம். காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதல் தவணையாக ஐயாயிரத்தைக் கொடுத்தது.

படிப்பில் பிரச்னை வரவில்லை. சாப்பாட்டில் வந்தது. பிராமணப் பையன்கள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது ஐயர் தரப்பு நியாயம். இரண்டே பேர்தானே என்று தோன்றுகிறதா? வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அப்படி நினைக்கவில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் பந்தி பிரியலாமா என்று கேட்டார்கள். விவகாரம் காந்தி வரை போனது. இருக்கிற இரண்டு பேரை விட்டுவிடுங்கள், இனிமேல் சேர்பவர்களுக்கு ஒரே பந்தி என்ற சமரசம் சொன்னார். எடுபடவில்லை.

1925-ல் ஐயர் குருகுலப் பொறுப்பில் இருந்து விலகினார். அதே வருடம் ஜூன் 3-ம் தேதி, பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்தவர், தானும் திரும்பவில்லை. அந்த நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியலே திசை மாறிய வருடம். இரண்டு சாப்பாட்டு இலைக்கும் அதில் பங்கு உண்டு.

அப்படியானால் வேறு மாதிரி எங்குமே நடக்கவில்லையா? நடந்தது. அதில் ஒரு முனை, பாருங்கள், மதுரையிலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒபர்லின் என்று ஒரு கல்லூரி. 1835-ல் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நிர்வாகக் குழு வாக்கெடுத்தது. இரு தரப்பும் சமம். தலைவர் ஜான் கீப்பின் ஒற்றை ஓட்டு, கதவைத் திறந்தது. அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிய இன்னும் முப்பது வருடம் இருந்தது! 1837-ல் பட்டப்படிப்பில் பெண்களையும் சேர்த்தார்கள்.

பிறகு இதே கல்லூரி சீனாவின் ஷான்சி மாகாணத்தில் கல்விப்பணி செய்தது. கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் அங்கே கதவு அடைபட, 1950-களில் அது திரும்பிப் பார்த்த ஊர்களில் ஒன்று மதுரை. கோரிப்பாளையத்து அமெரிக்கன் கல்லூரிக்கும், பிறகு லேடி டோக் கல்லூரிக்கும் ஒபர்லின் பட்டதாரிகள் வந்தார்கள். இரண்டு வருடம் இங்கேயே தங்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும். தமிழ் கற்றுக்கொள்ள வேண்டும். 1881-ல் பசுமலையில் மிஷனரிகள் தொடங்கியதுதான் அமெரிக்கன் கல்லூரி. அன்று வந்தவர்கள் சொல்லித்தர வந்தார்கள். இவர்கள் கற்றுக்கொள்ளவும் வந்தார்கள். அந்த 'உம்' விகுதிக்கு விலை அதிகம். இன்னும் பின்னால் வந்த அமெரிக்க மாணவர்கள் மதுரைக் குடும்பங்களோடு தங்கி, அவர்கள் வீட்டு அடுக்களையில் வெந்ததைச் சாப்பிட்டுப் படித்தார்கள்.

கடல் தாண்டி வந்தவனோடு உட்கார்ந்து சாப்பிடுவது ஒருவகையில் சுலபம். அவன் விருந்தாளி. பக்கத்துத் தெருக்காரனோடு உட்காருவதுதான் கஷ்டம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். காரணம் சாதி. தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நாங்குநேரியும் சேரன்மகாதேவியும் ஒரே மாவட்டம். நடுவில் தொண்ணூற்றெட்டு வருடம்.

கல்லூரி நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. கல்ச்சுரல்ஸுக்கு மேடை போடுங்கள், விதவிதமாக ஆடவிடுங்கள். அதற்கு முன்னால் ஹாஸ்டல் அறை ஒதுக்கும் பட்டியலை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். எந்த ஊர்ப் பையனோடு எந்த ஊர்ப் பையன், எந்தத் தெருப் பிள்ளையோடு எந்தத் தெருப் பிள்ளை என்று பாருங்கள். நொபிலிக்கும் ஐயருக்கும் கிடைக்காத வாய்ப்பு, அந்த ஒரு தாளில் உங்கள் கைக்கு வருகிறது.