லாரி கேபின் ஏசி

ஓட்டுநர் கேபினைக் குளிர்விக்கும் அமைப்பு. மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்டு, 2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் தயாராகும் லாரிகளில் இது கட்டாயம். அதற்கு முன் பலருக்கு ஜன்னல் காற்றும் சின்ன விசிறியும்தான் வாய்த்தன.

இன்ஜின் பெல்ட்டில் சுழலும் கம்ப்ரசர் குளிர்வாயுவை அழுத்த, முன்புறக் கண்டன்சரில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகும். டேஷ்போர்டுக்குள் உள்ள எவாப்பரேட்டரில் ஆவியாகையில் கேபின் காற்றின் சூட்டை உறிஞ்சும். குமிழைத் திருப்பினால் காற்றுக்குழாய்க்குள் சிறு மடல்கள் நகரும்: வெந்நீர்ச் சுருள் வழியே போகும் காற்றின் அளவு, முகமா காலா கண்ணாடியா என்ற திசை, வெளிக்காற்றா உட்காற்றா என்பது எல்லாம் இவற்றின் வேலை.

திருப்பனந்தாள் பக்கம் அறுவடையில் நெல் ஏற்றும் லாரிக்கு உட்காற்றே நல்லது. சுணைத் தூசி ஃபில்டரை அடைத்துவிடும். ஐப்பசி மழையில் கண்ணாடி மங்கினால் வெளிக்காற்றுக்கு மாற்றி, ஏசியை அணைக்காமல் கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டும். விசிறி உச்ச வேகத்தில் மட்டும் ஓடுகிறதா? பெரும்பாலும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும்.