இருவர் அணி மலை மிதிவண்டித் தொடர் பந்தயம்

இரண்டு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து, மலைப்பாங்கான ஒரு சுற்றுப்பாதையை மாறி மாறி மிதித்து, விதித்த நேரத்துக்குள் எத்தனை சுற்றுகள் முடிக்கிறார்கள் என்பதைக் கொண்டு வெற்றியை முடிவு செய்யும் நீள்பந்தயம் இது. நேரம் பெரும்பாலும் 24 மணி. ஒருவர் தடத்தில் இருக்கும்போது மற்றவர் கூடாரத்தில் இருப்பார். பந்தயக் கடிகாரம் மட்டும் நிற்பதில்லை. மேலைநாடுகளில் இப்பிரிவை ‘டுவோ’ என்கிறார்கள்.

சுமையைக் கைமாற்றி மலையைக் கடப்பது புதிய செய்தி அல்ல. போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள ஏலமலைகள் திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள் இருந்த காலத்தில், அவ்வரசின் தபால் துறைக்கு ‘அஞ்சல்’ என்றே பெயர். மணி கட்டிய கோலுடன் ஓடிவரும் அஞ்சல் ஓட்டக்காரர் தன் பையை அடுத்தவரிடம் ஒப்படைப்பார். அவர் அங்கிருந்து ஓடுவார். 1951இல் அத்துறை இந்திய அஞ்சல் துறையுடன் இணைந்தது. ‘ரிலே’ ஓட்டத்தை அஞ்சலோட்டம் என்று குறிப்பிடும் வழக்கம் தமிழில் இன்றும் உண்டு.

மூணாற்றுத் தேயிலை போடிக்கு இறங்கி வந்ததும் இதே முறையில்தான். 1902இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போடப்பட்டது. அதில் வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908இல் அது இரண்டடி அகல இருப்புப்பாதையாக மாறி, சிறிய இன்ஜின்கள் ஓடின. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடியில் உள்ள பாட்டம் ஸ்டேஷனுக்குச் சுமார் 5 கி.மீ. ரோப்வே. அங்கிருந்து போடிக்குச் சுமார் 15 கி.மீ. மாட்டுவண்டி. ஒரு பெட்டி தேயிலை, இரண்டு கைமாற்றங்கள். 1924 ஜூலை வெள்ளத்தில் இருப்புப்பாதை அழிந்தது. ஊர்ப்பெயர்களாக நிலைத்துவிட்ட ‘ஸ்டேஷன்’கள் இன்றும் அந்த ஏற்பாட்டை நினைவூட்டுகின்றன.

சட்டம் பெற்ற பிள்ளை

சரக்குப் போக்குவரத்தில் கைமாற்றம் வசதிக்காக வந்தது. மிதிவண்டிப் பந்தயத்தில் அது சட்டத்தின் நெருக்கடியால் வந்தது. 1878இல் லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் டேவிட் ஸ்டான்டன் என்பவர் ஆறு நாட்களில் 1,000 மைல் ஓட்டுவதாகப் பந்தயம் கட்டி வென்றார். அதிலிருந்து ஆறு நாள் பந்தயம் ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு ஆகாத நாள் என்பதால்தான் ஏழு நாள் ஆகவில்லை. 1891இல் இப்பந்தயம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்குக்கு வந்தது.

அங்கே ஒவ்வொருவரும் தனியாகவே ஓட்டினர். தூங்கலாம், ஆனால் தூங்கும் நேரத்தில் போட்டியாளர் முந்திவிடுவார். எனவே தூங்காமலே ஓட்டினர். இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும் நிலைக்குச் சிலர் போயினர். பாதையிலேயே தள்ளாடி விழுந்தவர்களும் உண்டு. கூட்டத்தில் ஒரு பகுதி அதைப் பார்க்கவே காசு கொடுத்து வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. செய்தித்தாள்கள் கண்டித்தன. 1898இல் நியூயார்க், இல்லினாய் மாநிலங்கள், எந்தப் போட்டியாளரும் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம் இயற்றின.

பந்தயம் நடத்தியவர்கள் அதற்கு வழி கண்டுபிடித்தனர். ஆளுக்கு 12 மணி என்றால் இரண்டு பேருக்கு 24 மணி. 1899 முதல் இருவர் அணிகள் ஓட்டின. அரங்கின் கதவை அரைநாள் மூடாமல் இருப்பதே நோக்கம், ஓட்டுநர் மீதான இரக்கம் அல்ல. ஆனாலும் விளைவு நல்லதாகவே முடிந்தது. ஓய்வெடுத்தவர் வேகமாக ஓட்டினார், பந்தயம் சூடு பிடித்தது. அரங்கின் பெயரால் இம்முறைக்கு ‘மேடிசன்’ என்று பெயர் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்கப் பந்தயம் என்ற பொருளில் ‘அமெரிக்கேன்’ என்பார்கள். இன்றைய மேடிசனில் இருவருமே தடத்தில் இருப்பர். ஒருவர் மேல்விளிம்பில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு இறங்கி வருவார். மற்றவர் அவர் கையைப் பற்றி முன்னே வீசிவிட்டு ஒதுங்குவார். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது சேர்க்கப்பட்டது. 2008க்குப் பின் நீக்கப்பட்டு, டோக்கியோவில் ஆண், பெண் இருபாலருக்கும் மீண்டும் வந்தது.

மலைக்கு வந்த விதம்

மலை மிதிவண்டியின் கதை தனிக்கதை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டமால்பைஸ் மலைப்பகுதி இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களைத் திருத்தி மண்பாதைகளில் இறக்கினர். 1976 அக்டோபர் 21 அன்று ‘ரீபேக்’ என்ற இறக்கப் பந்தயம் முதன்முதலில் நடந்தது. இறங்கி முடிக்கும்போது பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் எரிந்து புகையும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பெயருக்குக் காரணம் அதுதான். போடிமெட்டிலிருந்து இறங்கும் லாரிகளின் பிரேக் வாடையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1990இல் கொலராடோ மாநிலத்து டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டியும், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடமும் கிடைத்தன. ஆனால் அவை இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் முடியும் பந்தயங்கள். 1999 முதல் உலகப் போட்டியில் சேர்ந்த அணித் தொடர் ஓட்டமும் ஆளுக்கு ஒரு சுற்று என்ற குறுகிய பந்தயமே.

இரவு முழுதும் ஓடும் மலைப் பந்தயத்தைத் தொடங்கியவர் லேர்ட் நைட். பிரான்சின் லெமான் 24 மணி கார் பந்தயத்தை மனத்தில் கொண்டு, 1992இல் மேற்கு வர்ஜீனியாவில் ‘24 ஹவர்ஸ் ஆஃப் கேனன்’ என்ற போட்டியை நடத்தினார். முதலில் வண்டியை நோக்கி ஓடி, பிறகு ஏறி மிதிக்கும் தொடக்கமும் லெமானிலிருந்து வந்ததே. 1995இல் யூட்டா மாநிலத்து மோவாபிலும், பின்னர் கனடா, பிரிட்டன் முதலிய நாடுகளிலும் இவ்வகைப் பந்தயம் பரவியது.

தொடக்கத்தில் இது நண்பர் குழுக்களின் விளையாட்டு. தனியாக ஓட்டுவதற்கு இடமே இல்லை. 1996இல் ஜான் ஸ்டாம்ஸ்டாட் என்ற ஓட்டுநர் தன் பெயரையே நான்கு விதமாக எழுதி நால்வர் அணியாகப் பதிவு செய்துகொண்டு, 24 மணி நேரமும் தானே ஓட்டினார். பிறகு தனியர் பிரிவு பிறந்தது. நூறாண்டுகளுக்கு முன் சட்டம் போட்டுத் தடுத்ததை இப்போது ஒருவர் விரும்பிக் கேட்டு வாங்கினார் என்பது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று. நால்வருக்கும் தனியருக்கும் நடுவில் இருவர் பிரிவு நின்றது.

இருவர் பிரிவின் கடினம்

நால்வர் அணியைவிட இரண்டு மடங்கு உழைப்பு, தனியரைவிடப் பாதி என்று கணக்குப் போடுவது எளிது. உடம்பு அப்படிக் கணக்குப் போடாது. ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் அணியில் ஒரு மணி ஓட்டியவருக்கு மூன்று மணி ஓய்வு. சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயரலாம். இருவர் அணியில் ஓய்வும் ஒரு மணிதான். அதற்குள் சேறு கழுவ வேண்டும், சங்கிலிக்கு எண்ணெய் விட வேண்டும், விளக்கின் மின்கலத்தை மாற்ற வேண்டும், உண்ண வேண்டும், ஈர உடை மாற்ற வேண்டும். மிஞ்சுவது இருபது நிமிடம். தசைகள் அதற்குள் இறுகிவிடும். மறுபடி ஏற்றத்தில் முதல் பத்து நிமிடம் பெரும் வேதனை. தனியருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் மெதுவாகப் போனாலும் குளிர்ந்து போவதில்லை.

எனவே அணிகள் இரவில் கணக்கை மாற்றும். பகலில் ஆளுக்கு ஒரு சுற்று, நள்ளிரவுக்குப் பின் ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று. அப்போதுதான் மற்றவருக்கு இரண்டு மணித் தூக்கமாவது கிடைக்கும். ஆனால் மூன்றாம் சுற்றில் வேகம் குறையும். தூக்கத்தை வாங்க வேகத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் நல்ல அணிகளின் திறமை தெரியும். நால்வரில் ஒருவர் விலகினால் மூவர் சமாளிப்பார்கள். இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் மீது இரவு முழுதும் விழும்.

இருவர் சேர்ந்தே ஓட்டும் பந்தயங்கள் வேறு வகை. 1998இல் தொடங்கிய ஐரோப்பிய ஆல்ப்ஸ் மலைப் பந்தயமும், 2004இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய கேப் எபிக்கும் அவ்வகையின. கேப் எபிக்கில் அணியினர் இருவரும் இரண்டு நிமிட இடைவெளிக்கு மேல் பிரியக் கூடாது. அங்கே ஓய்வைப் பகிர முடியாது, களைப்பைத்தான் பகிரலாம்.

இந்தியர்கள்

இந்தியாவில் மலை மிதிவண்டி நீள்பந்தயத்துக்கு அடையாளம் தந்தது, 2005இல் இமாசலப் பிரதேசத்தில் தொடங்கிய எம்.டி.பி. ஹிமாலயா. அது பல நாள் கட்டங்களாக நடக்கும் பந்தயம். இருவர் மாறி மாறி ஓட்டும் முறையில் இந்தியர் பெயர் பதிந்தது சாலைப் பந்தயத்தில். அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’ 1982இல் நான்கே ஓட்டுநர்களுடன் தொடங்கியது. இன்று அது மேற்குக் கரையின் ஓஷன்சைடிலிருந்து ராக்கி மலைகளைத் தாண்டிக் கிழக்குக் கரை வரை சுமார் 4,800 கி.மீ. செல்லும். 2015இல் நாசிக் நகர மருத்துவச் சகோதரர்கள் ஹிதேந்திர மகாஜன், மகேந்திர மகாஜன் இருவரும் இருவர் அணிப் பிரிவில் 9 நாள் வரம்புக்குள் இதை முடித்தனர். இப்பந்தயத்தை நிறைவு செய்த முதல் இந்திய அணி அது. இந்தியர் தனியாக முடித்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017இல். மண்தடமோ தார்ச்சாலையோ, ஒருவர் மிதிக்க ஒருவர் வேனில் உறங்கும் அந்த ஏற்பாடு ஒன்றுதான்.

போடிச் சரிவுகள்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த அந்தச் சாலை மிதிவண்டிக்காரரின் காலைச் சோதிக்கும். ஆனால் தொடர் பந்தயத்துக்கு வேண்டியது நீண்ட ஏற்றம் அல்ல, தொடங்கிய இடத்துக்கே திரும்பிவரும் மூடிய சுற்று. ஏலத்தோட்டங்களுக்குள் ஜீப் போகும் மண்பாதைகள் அத்தன்மை கொண்டவை. நிழல்மரங்களின் அடியில் எப்போதும் ஈரமும் சருகும் இருப்பதால் வழுக்கும். இறங்கும்போது பிரேக்கைவிட நிதானமே உதவும்.

காட்டுத் தடங்களின் நிலை வேறு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றம் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. வனத்துறை அனுமதித்த தடம், வழிகாட்டி, குறித்த ஆட்கணக்கு ஆகியவை கட்டாயமாயின. 2024இல் வந்த ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு தடமும் சேர்ந்தது. தீப்பருவத்தில் இத்தகைய தடங்கள் மூடப்படுகின்றன. இரவு முழுதும் விளக்குடன் ஓடும் பந்தயத்துக்குக் காப்புக்காடு இடமாகாது. யானையும் காட்டுமாடும் நடமாடும் நேரம் அது. அத்தகைய பந்தயத்துக்கு ஏற்ற இடம் மழைக்கும் தீப்பருவத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில், உரிமையாளர் இசைவுடன், தோட்டத்தின் உட்பாதைகளே.

டாப் ஸ்டேஷனில் பழைய ரோப்வேயின் எச்சங்களை இன்றும் காணலாம்.