பேட்டில்டெக் விளையாட்டில் வெப்பமும் ஆயுதச் சமநிலையும்

பேட்டில்டெக் என்பது மனிதர் உள்ளே அமர்ந்து ஓட்டும் ராட்சத எந்திரங்கள் ஒன்றோடொன்று மோதும் அமெரிக்க மேசை விளையாட்டு. ஃபாசா நிறுவனம் 1984இல் இதை ‘பேட்டில்ட்ராய்ட்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டது. ‘ட்ராய்ட்’ என்ற சொல்லுக்கு லூகாஸ்ஃபிலிம் உரிமை கோரியதால் அடுத்த ஆண்டே இப்போதைய பெயர் வந்தது. எந்திரங்களுக்கு ‘மெக்’ என்று பெயர். இந்த விளையாட்டின் உயிர்நாடி பீரங்கியிலோ கவசத்திலோ இல்லை. ஒவ்வொரு மெக்கின் தாளிலும் ஓரமாக அச்சிட்டிருக்கும், 30 வரை ஏறும் வெப்ப அளவுகோலில் இருக்கிறது.

நடந்தால் 1, ஓடினால் 2, தாவினால் கட்டத்துக்கு 1 வீதம் குறைந்தது 3 என்று வெப்பம் ஏறும். சுடும் ஒவ்வோர் ஆயுதத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. சுற்றின் முடிவில் மொத்த வெப்பத்திலிருந்து, சூட்டைத் தணிக்கும் கருவியான ஹீட் சிங்க் ஒன்றுக்கு 1 வீதம் கழிப்பார்கள். மிஞ்சியது அளவுகோலில் ஏறி அடுத்த சுற்றுக்கும் தொடரும். ஃப்யூஷன் எஞ்சினோடு 10 சிங்க்குகள் எடையின்றிக் கிடைக்கின்றன. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 1 டன் எடை.

ஆயுதங்களின் சமநிலை இந்த எடைக் கணக்கில்தான் நிற்கிறது. பிபிசி எனப்படும் துகள் பீரங்கி 7 டன்; 10 சேதம் விளைவிக்கும், 10 வெப்பம் கக்கும். அதே 10 சேதம் தரும் ஏசி-10 ஆட்டோகேனன் 12 டன், வெப்பமோ 3 மட்டுமே. மேலோட்டமாகப் பார்த்தால் பிபிசி கொள்ளை மலிவு. ஆனால் அதன் சூட்டைத் தணிக்க 10 சிங்க் சேர்த்தால் 17 டன் ஆகிவிடும். ஏசி-10க்கு 3 சிங்க்கும் 1 டன் குண்டும் சேர்த்தால் 16 டன். இரண்டும் ஏறத்தாழ ஒரே விலைக்கு வந்து நிற்பதை முதன்முறை கணக்கிட்டுப் பார்ப்பவருக்கு வியப்பாகத்தான் இருக்கும். இலவசச் சிங்க்குகள் இருப்பதால் முதல் பிபிசி லாபம். இரண்டாவதிலிருந்து முழு விலை. எல்லா ஆயுதங்களும் இப்படி நியாயமாக அமையவில்லை. 8 டன் எடையில் 5 சேதம் மட்டுமே தரும் ஏசி-5, குறைந்த வெப்பத்தையும் நீண்ட வீச்சையும் கணக்கில் கொண்டாலும் நட்டமே.

மிஞ்சிய வெப்பம் 5ஐத் தொட்டால் நடையில் ஒரு புள்ளி குறையும். 8இல் குறி பிசகத் தொடங்கும். 14இல் எஞ்சின் தானாக நின்றுவிடாமல் இருக்க இரண்டு பகடைகளில் 4 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 26இல் 10 வேண்டும், அதாவது 36இல் 6 வாய்ப்பு. 19இலிருந்து உள்ளே இருக்கும் குண்டுகள் வெடிக்கும் ஆபத்தும் சேரும். 30இல் பகடைக்கே வேலையில்லை, எந்திரம் நின்றுவிடும். நின்ற மெக்கை எதிரி எளிதில் அடித்துவிடலாம்.

60 டன் ரைஃபிள்மேன் மெக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு பெரிய லேசர், இரண்டு ஏசி-5, இரண்டு நடுத்தர லேசர். சிங்க்கோ வெறும் 10. நடந்துகொண்டே அனைத்தையும் சுட்டால் 25 வெப்பம், கழிந்தது போக 15 மிஞ்சும். அப்போது நடையில் 3 புள்ளி போகும், குறி இரண்டு படி மோசமாகும். மறு சுற்றிலும் அதையே செய்தால் சரியாக 30. எதிரி தொடாமலே ரைஃபிள்மேன் முடங்கிவிடும். 80 டன் ஆசம் இதற்கு நேர்மாறு. மூன்று பிபிசிகளுக்கு 28 சிங்க் இருப்பதால், நடந்தபடி மூன்றையும் சுட்டாலும் 3 மட்டுமே மிஞ்சும். அடுத்த சுற்றில் ஒன்றை ஓய்வில் விட்டால் அதுவும் கரைந்துவிடும். எதைச் சுடாமல் விடுவது என்று தெரிந்தவரே இங்கே நல்ல ஆட்டக்காரர்.

1989இல் வெளியான ‘டெக்னிகல் ரீட்அவுட் 2750’ இரட்டைத் திறன் சிங்க்குகளைக் கொண்டுவந்தது. எஞ்சினோடு வரும் பத்தே 20 வெப்பத்தைப் போக்கின. இரண்டு பிபிசிகளைக் கவலையின்றிச் சுடலாம் என்றானதும், வெப்பம் குறைவு என்பதற்காகவே சுமந்த கனமான ஆட்டோகேனன்கள் மதிப்பிழந்தன. பழைய சமநிலைக்கு விழுந்த பெரிய அடி இது.

கணினிக்கு வந்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. மேசையில் ஒவ்வொரு குண்டும் எங்கே படுகிறது என்பதைத் தனித்தனிப் பகடை தீர்மானிக்கும். கணினியிலோ குறிவைத்த ஒரே புள்ளியில் எல்லாக் குண்டுகளும் பாய்ந்துவிடும். ‘மெக்வாரியர் ஆன்லைன்’ விளையாட்டில் பல பிபிசிகளை ஒரே நொடியில் சுடுவோரைத் தடுக்க 2013இல் கூடுதல் வெப்பத் தண்டனை வந்தது. அரை நொடிக்குள் ஒரே வகை ஆயுதத்தை வரம்பு மீறிச் சுட்டால் சூடு தாறுமாறாக ஏறும். ஆட்டக்காரர்கள் அதைப் ‘பேய்ச்சூடு’ என்றே அழைத்தார்கள். நோக்கம் சரி, ஆனால் தாளில் பார்த்துக் கூட்டிக் கழிக்க முடிந்த கணக்கின் நேர்மை அதில் இல்லை.

மூல விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோர்டன் வைஸ்மன் 2018இல் ஹேர்பிரெய்ன்ட் ஸ்கீம்ஸ் வழியாகக் கொண்டுவந்த கணினி ‘பேட்டில்டெக்’ வேறு வழியில் போனது. அதில் அளவுமீறிய சூடு மெக்கின் உள்சட்டகத்தையே அரிக்கும். பாலைவனத்தில் சிங்க்குகளின் திறன் குறையும். நீரில் இறங்கி நின்றால் கூடும்.