நடக்காத விழாவுக்கு ஒரு பதக்கம்

ஒரு பக்கம் எட்டாம் எட்வர்டு மன்னரின் முகம். மறுபக்கம் ‘முடிசூட்டு விழா, 1937 மே 12’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். பிரிட்டிஷ் அரச குடும்பப் பதக்கங்களைச் சேகரிப்பவர்கள் பலரிடம் இது இருக்கும். ஆனால் எட்வர்டு முடிசூடிக்கொள்ளவே இல்லை!

1936 ஜனவரி 20 அன்று ஐந்தாம் ஜார்ஜ் இறந்ததும் மூத்த மகன் எட்வர்டு மன்னரானார். முடிசூட்டு விழா ஓராண்டுக்கும் மேல் கழித்துத்தான் என்று முடிவானது. பதக்கம், கோப்பை, தட்டு செய்யும் தனியார் நிறுவனங்களுக்கு இது நல்ல வியாபாரக் காலம். தேதி அறிவித்ததுமே அச்சு வெட்டி, பதக்கங்களை அடித்துக் குவிக்கத் தொடங்கினார்கள்.

மன்னரோ வாலிஸ் சிம்ப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணியை மணக்க விரும்பினார். அவர் ஏற்கெனவே ஒருமுறை விவாகரத்தானவர். இரண்டாவது கணவரையும் பிரியும் நிலையில் இருந்தார். இங்கிலாந்து திருச்சபைக்குத் தலைவரான மன்னர் அவரை மணப்பதை அரசாங்கமும் திருச்சபையும் ஏற்கவில்லை. 1936 டிசம்பர் 11 அன்று எட்வர்டின் 326 நாள் ஆட்சி முடிந்தது. விழாத் தேதியை மட்டும் யாரும் மாற்றவில்லை. அதே மே 12 அன்று தம்பி ஆறாம் ஜார்ஜ் முடிசூடினார். அவருக்கும் பதக்கங்கள் வந்தன. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே தேதி, இரண்டு மன்னர்கள்.

இந்தக் கதையைக் கேட்டதும், ‘அப்படியானால் எட்வர்டு பதக்கம் அபூர்வமானது’ என்று நினைத்துப் பலர் அதிக விலை கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் அவர் பதவி விலகும் முன்பே ஏராளமாகச் செய்துவிட்டதால், சாதாரண உலோகத்தில் செய்தவை இன்றும் எளிதில் கிடைக்கின்றன. அபூர்வமானவை அவருடைய நாணயங்கள்தான். அவர் முகம் பதித்த நாணயங்களை பிரிட்டன் புழக்கத்துக்கு விடவில்லை. சோதனைக்காக அடித்த சில மட்டுமே மிஞ்சின. அவற்றில் ஒரு தங்க சாவரின் 2020-இல் 10 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. நம் ‘சவரன்’ என்ற சொல் வந்தது இந்த நாணயத்தின் பெயரிலிருந்துதான்.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் ஏதாவது பதக்கம் கிடைத்தால், புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும். விளிம்பைப் பிடித்து எடுங்கள். அதில் இருக்கும் பெயரையும் தேதியையும் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உலோகத்தில் பொறித்துவிட்டதாலேயே ஒன்று நடந்ததாகிவிடாது.