முஸீபத்தும் கஷ்டமும்

நம் ஊர்களில் அடிக்கடி காதில் விழும் சொல் முஸீபத்து. துஆவில் "பலாய் முஸீபத்துகளை விட்டும் காப்பாற்றுவாயாக" என்று கையேந்துகிறோம். அதே சொல் வீட்டுக்குள் "முஸீபத்துப் புடிச்ச மழ" என்றும், கடைத்தெருவில் "இது பெரிய முஸீபத்தாப் போச்சே" என்றும் வந்து விழுகிறது. இன்னல், இடர், அல்லல், இடும்பை, இடுக்கண் என்று தமிழில் இத்தனை சொற்கள் இருக்க, இந்த அரபுச் சொல் ஏன் நம் நாவில் தங்கியது?

வேரைப் பார்த்தால் விளங்கும். 'அஸாப' என்றால் சென்று பட்டது என்று பொருள். அம்பு குறியில் பட்டதைச் சொல்லவும் இதே வினைதான். அதிலிருந்து பிறந்த முஸீபா, 'வந்து தாக்குவது'. முஸீபத்து ஏற்படும்போது பொறுமையாளர்கள் 'இன்னா லில்லாஹி' சொல்வார்கள் என்று சூரா பகராவின் 156ஆம் வசனம் கூறுகிறது. மௌத்துச் செய்தி கேட்டதும் நாம் அதைச் சொல்வது இதனால்தான். அரபியில் நிறுத்தி ஓதும்போது மறையும் ஈற்றுத் தகரம் நம் பேச்சில் மறையாமல் நின்றது. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாதாகையால் உகரமும் சேர்ந்தது. பரக்கத்து, நிஃமத்து எல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

கஷ்டம் வேறு ஜாதிச் சொல். அது வடமொழியிலிருந்து வந்தது. "புள்ள கஷ்டப்பட்டுப் படிச்சான்" என்கிறோம். 'முஸீபத்துப்பட்டுப் படித்தான்' என்று யாரும் சொல்வதில்லை. துன்பம், முயற்சி இரண்டையும் கஷ்டம் சுமக்கிறது. வள்ளுவரும் இடுக்கண் அழியாமையை ஆள்வினையுடைமைக்கு அடுத்த அதிகாரமாகத்தான் வைத்தார். முஸீபத்து வந்து தாக்கும்; கஷ்டம் கூடவே குடியிருக்கும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இவற்றுள் இழவுதான் பெரும்பாலும் முஸீபத்து. பிறர் இழிவுபடுத்துவதும், இருந்த நிலை கெடுவதும், இல்லாமையும் நாட்கணக்கில் முடிபவையல்ல. அவற்றுக்குப் பின்னால் பல வேளைகளில் மனிதர் கை இருக்கும்.

ஊவா மலைகளின் வரலாற்றை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் அதில் அகப்பட்டார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். 1,50,000 பேரின் கதி பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் கணக்கு தீரவில்லை. 55 வருடங்கள்! இதை விதி என்றும் முஸீபத்து என்றும் சொல்லிக் கடந்துவிட்டால், சட்டம் எழுதியவர்கள் கதையிலிருந்து நழுவிவிடுகிறார்கள்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அது முஸீபத்துத்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்று முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரித்த பிறகும் ஆட்கள் அதே லயத்தில் இருந்தார்களே, அதற்குப் பெயர் வேறு. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்ட உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே படையுடன் திரும்பினார்கள். கத்ரை நம்புவது, கண்ணை மூடிக்கொண்டு இருப்பதல்ல என்பதற்கு அதுவே போதுமான சான்று.

எங்கள் கல்வித் திணைக்களத்தில் 'கஷ்டப் பிரதேசம்', 'அதிகஷ்டப் பிரதேசம்' என்று பாடசாலைகளுக்குத் தரம் உண்டு. சொல் அங்கே கொடுப்பனவுக்கும் இடமாற்றத்துக்கும் உரிய நிர்வாகப் பெயராகிவிட்டது. தெமோதரையில் ரயில் பாதை சுற்றி வளைந்து, நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தால் போகும். கஷ்டமும் அப்படித்தான்: மேலே தாண்டிவிட்டதாகத் தெரியும், கீழே வந்து நிற்கும். ஒரு பாடசாலை தலைமுறை தலைமுறையாக அந்தப் பட்டியலிலேயே இருக்குமானால், அதற்கு மலையையும் மழையையும் மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே பிள்ளைகளுக்கு இரண்டு சொல்லையும் சேர்த்தே கற்பிப்போம். முஸீபத்துக்கு ஸப்ரு வேண்டும். கஷ்டத்துக்கு ஸப்ரோடு ஒரு கேள்வியும் வேண்டும்: இது தானா வந்து பட்டதா, இல்ல யாரும் கொண்டுவந்து வெச்சதா?