சித்தூர் – திருப்பதி வட்டார இசைநாடகம்: செலவும் ஒத்திகையும்

வணிக நோக்குடைய பெரிய இசைநாடகங்களில் செலவு ஏறுகிறது, தரம் இறங்குகிறது என்னும் குறை இன்று நேற்று எழுந்ததன்று. இதனை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஓவியத் திரைகளையும் தந்திரக் காட்சிகளையுமே காரணமாகக் காட்டுவர். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியின் அரங்க வரலாற்றை நோக்குங்கால் இக்கருத்து முழுமையானதாகத் தோன்றவில்லை. செலவு மிகுந்தபோது எது கைவிடப்பட்டது என்பதே தரத்தை முடிவு செய்திருக்கிறது. கைவிடப்பட்டது ஒத்திகை.

சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. மொழிவாரி எல்லைகள் பின்னர் வகுக்கப்பட்டன. மேடை அவ்வெல்லைகளை அறிந்ததில்லை. 1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் சரச விநோதினி சபையார் சென்னையில் நடத்திய தெலுங்கு நாடகங்களைக் கண்ட ஊக்கத்தாலேயே பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார் என்பது நாடக வரலாற்று மாணவர் நன்கறிந்த செய்தி. பார்சி நாடகக் குழுக்களின் காட்சித் திரைகளும் மெட்டுகளும் இரு மொழி அரங்குகளுக்கும் பொதுச் சொத்தாயின.

காட்சிப் பகட்டில் பெயர்பெற்ற சி. கன்னையா கம்பெனி, நவாப் ராஜமாணிக்கத்தின் குழு போன்றவை மிகுந்த முதலீட்டைக் கோரின. முதலீடு மீள ஒரே ஊரில் நெடுநாள் ஆட வேண்டும். நெடுநாள் ஆட மக்கள்தொகை மிக்க நகரம் வேண்டும். எனினும் இக்கம்பெனிகளில் நடிகர்கள் ஒரே இல்லத்தில் உண்டு உறங்கிப் பயின்றனர் என்பதை மறத்தலாகாது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையின் பயிற்சிக் கடுமை பலராலும் எழுதப்பட்டுள்ளது. அக்கடுமையில் சிறுவர்பால் இழைக்கப்பட்ட கொடுமையும் அடங்கும். அதனைப் பெருமையாக மட்டும் பேசுவது நேர்மையன்று.

சிற்றூர்களுக்கும் சிறு நகரங்களுக்கும் ஏற்றதாக அமைந்தது 'ஸ்பெஷல்' நாடகம். கம்பெனியைப் பேணும் செலவு இதில் இல்லை. ஒப்பந்தக்காரர் வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்களை ஓரிரவுக்கு அமர்த்துவார். வள்ளியும் வேலனும் மேடையிலேயே முதன்முறை சந்திப்பதும் உண்டு. பாடம் அனைவர்க்கும் மனப்பாடமாதலால் நாடகம் நடந்தேறிவிடும். ஆயின் பணத்தின் பெரும்பகுதி புகழ்பெற்ற பாடகரைச் சேர்ந்தது. ஏனையோர் கிடைத்ததைக் கொண்டனர்.

தெலுங்கில் இதற்கு இணையானது 'காண்டிராக்ட்' நாடகம். திருப்பதி வேங்கட கவுலு இயற்றிய பாண்டவர் நாடகங்கள் இம்முறையில் ஆந்திரம் முழுதும் ஆடப்பட்டன. (இப்பெயரிலுள்ள 'திருப்பதி' ஊரைக் குறிப்பதன்று, இரட்டைப் புலவருள் ஒருவரான திவாகர்ல திருப்பதி சாஸ்திரியைக் குறிப்பது.) ஒரே நாடகத்தில் இரண்டு, மூன்று நடிகர்கள் காட்சிக்கு ஒருவராகக் கிருஷ்ணன் வேடம் பூணுவது இதில் வழக்கமாயிற்று. பத்தியத்தின் ஈற்றடியை நீட்டி இழுக்கும் ராக ஆலாபனைக்கே கைதட்டல். பாத்திரத்தின் வளர்ச்சியைக் கேட்பார் இல்லை.

பௌமல், போவன் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 1966இல் வெளியிட்ட நூலொன்று இங்கு நினைக்கத்தக்கது. ஆலைத்தொழிலில் உழைப்பு நேரம் சுருங்கும். அரங்கக் கலையில் அவ்வாறு சுருக்க இயலாது. ஆதலின் அதன் செலவு பிறவற்றைவிட விரைந்து ஏறும் என்பது அவர்தம் கருத்து. மேடையில் ஆடும் நேரத்தைச் சுருக்க இயலாத ஒப்பந்தக்காரர், மேடைக்கு முந்திய நேரத்தைச் சுருக்கினார் எனலாம்.

இதன் விளைவு 'சிந்தாமணி' நாடகத்தில் வெளிப்படையாகத் தெரிகிறது. கள்ளகூரி நாராயண ராவ் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் பரத்தமை ஒழிப்பை நோக்கி எழுதிய சீர்திருத்த நாடகம் அது. நெறியாளர் இன்றி ஆடப்பட்ட இரவுகளில் சுப்பிசெட்டி என்னும் பாத்திரத்தைச் சுற்றி நடிகர்கள் தாமே சேர்த்த கொச்சைப் பேச்சு பெருகி, மூலத்தை விழுங்கிற்று. ஒரு சமூகத்தாரை இழிவுபடுத்துகிறது என்ற முறையீட்டின்பேரில் 2022 ஜனவரியில் ஆந்திர அரசு நாடகத்தைத் தடை செய்தது. இடைச்செருகலுக்குரிய தண்டனையை நூலாசிரியரின் படைப்பும், அதனை நம்பி வாழ்ந்த நடிகர்களும் ஏற்க நேர்ந்தது.

காட்சிப் பகட்டே தரக்கேட்டுக்குக் காரணம் என்போர்க்குச் சுரபி குழுவினர் மறுமொழியாவர். 1885இல், சித்தூரை அடுத்த கடப்பை மாவட்டத்தில், சுரபி என்னும் சிற்றூரில் தோன்றிய மரபு இது. 'மாயாபஜார்' நாடகத்தில் அவர்கள் காட்டும் தந்திரங்கள் எளியனவல்ல. ஆயினும் குழு முழுதும் குடும்பம். குழந்தைகள் மேடையருகிலேயே வளர்ந்து வேடம் ஏற்றனர். ஒத்திகைக்குத் தனிக்கூலி கிடையாது. அக்கூலியின்மையை அக்குடும்பங்கள் வறுமையாகச் செலுத்தின என்பதும் உண்மையே.

சித்தூர் நகரத்தில் ராம விலாச சபையார் பொழுதுபோக்குக் கலைஞராகவே நாடகம் நடத்தினர். அம்மேடையில் வளர்ந்த வி. நாகய்யா (1904–1973) குண்டூர்ப் பகுதியில் பிறந்தவராயினும் சித்தூர் நாகய்யா என்றே அறியப்பட்டார். 1938இல் 'கிருகலட்சுமி' வாயிலாக அவர் திரையுலகம் புகுந்தார். நல்ல குரலும் நடிப்பும் உடையோரைப் படம் ஈர்த்துக்கொண்டபின், அவர்களுக்கு மேடை தரக்கூடிய ஊதியம் ஒருபோதும் ஈடாகவில்லை.

இவ்வட்டாரத்துத் தருமராசர், திரௌபதி கோயில்களின் பாரத விழாவோ இக்கணக்கிற்குள் அடங்காதது. பகலில் பாரதக் கதை, இரவில் தெருக்கூத்து. ஓவியத் திரை இல்லை. இருவர் பிடிக்கும் துணியே திரை. செலவை ஊர் பகிர்ந்துகொள்ளும். சீட்டு விற்பனை இல்லை. அருச்சுனன் தபசு மரம் ஏறும் நாளில் பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் அடியில் கூடுவர். இறுதி நாள் துரியோதனனின் பெரிய மண்ணுருவின்முன் வீமனும் துரியோதனனும் பகல் வெயிலில் போரிடுவர். கூத்தாடியின் பாடலில் பிழை நேர்ந்தால் திருத்துவதற்குக் கதை முழுதும் அறிந்த முதியோர் அங்கு அமர்ந்திருப்பர்.