கடலைக்காய்ப் பரிஷே: பெங்களூரின் கார்த்திகைச் சந்தையும் அதன் காலமும்

பெங்களூரு பசவனகுடியின் தொட்ட பசவண்ணன் கோயிலைச் சுற்றி, கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டிக் கூடுவது கடலைக்காய்ப் பரிஷே. பரிஷே என்பது கோயில் விழாவோடு சேர்ந்து நடக்கும் சந்தையைக் குறிக்கும். தீபாவளி அமாவாசைக்குப் பின் தொடங்கும் இந்தச் சாந்திரமான மாதம், சூரியன் விருச்சிக ராசியில் புகும்போது பிறக்கும் தமிழ்க் கார்த்திகையோடு முழுதும் பொருந்துவதில்லை. அதிக மாதம் வந்த 2023-இல் டிசம்பர் 11-ஆம் நாள் நடந்த விழா, அடுத்த ஆண்டு நவம்பர் 25-க்கே வந்துவிட்டதற்கு இதுவே காரணம்.

விழாவின் தோற்றம் குறித்துக் கோயில் மரபு கூறும் கதை நன்கு அறியப்பட்டது. சுங்கேனஹள்ளி, குட்டஹள்ளி, மாவள்ளி முதலிய ஊர்களின் உழவர்கள் பயிரிட்டிருந்த கடலையை இரவுதோறும் ஒரு காளை மேய்ந்து அழித்ததாகவும், காவலிருந்த உழவன் தடியால் அடித்தபோது அது கல்லாகிவிட்டதாகவும், பிறகும் வளர்ந்துகொண்டே போன அக்கல்லின் வளர்ச்சி நெற்றியில் இரும்பு முளை அறைந்த பின்னரே நின்றதாகவும், அன்று முதல் ஆண்டின் முதல் கடலையை நந்திக்குப் படைப்பது வழக்கமானதாகவும் அது சொல்கிறது. சுமார் 15 அடி உயரமும் 20 அடி நீளமும் கொண்ட ஒற்றைக்கல் நந்திக்குக் கோயில் எழுப்பியவர், 1537-இல் பெங்களூருக் கோட்டையை அமைத்ததாகக் கருதப்படும் முதலாம் கெம்பே கவுடர் என்பதும் அதே மரபின் கூற்று.

இவ்விரண்டையும் ஒரே காலத்தில் வைப்பதில்தான் சிக்கல் எழுகிறது. நிலக்கடலை தென் அமெரிக்காவின் பயிர். ஐரோப்பியக் கடல்வணிகம் தொடங்கிய பிறகே அது ஆசியக் கரைகளை அடைந்தது. தமிழகத்தின் வடமாவட்டங்களில் இன்றும் வழங்கும் மணிலாக்கொட்டை என்ற பெயர், பிலிப்பைன்ஸ் வழியாக அது வந்ததற்கான தடயமாகக் கொள்ளப்படுகிறது. கரையிலிருந்து தொலைவிலுள்ள மைசூர் மேட்டுநிலத்தில், கெம்பே கவுடர் காலத்திலேயே பல ஊர்கள் சேர்ந்து காவல் காக்கும் அளவுக்கு அது விளைந்திருக்கும் என்று கொள்வது கடினம். தென்னிந்தியாவில் நிலக்கடலை பெருமளவில் பரவியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். மார்சேய் நகரத்து எண்ணெய், சவர்க்கார ஆலைகளின் தேவைக்காகப் புதுச்சேரி வழியே ஏற்றுமதி பெருகியபோது தென்னார்க்காட்டில் தொடங்கிய விரிவு, மானாவாரிச் செம்மண் நிலங்கள் எங்கும் படர்ந்தது. ஆகவே, நந்தியும் அதன் வழிபாடும் பழமையானவையாக இருக்க, வேறொரு பயிரை மேய்ந்த காளையின் கதையில் கடலை பின்னர் இடம்பிடித்திருக்கலாம் என்று கருதுவதே பொருத்தம். பயிர்காக்கும் தெய்வத்துக்கு முதல் விளைச்சலைப் படைக்கும் வழக்கம், பயிர் மாறினாலும் மாறாது நிற்பது புதுமையன்று.

பருவமும் இதற்கு இடமளித்தது. ஆனி, ஆடி மாதங்களில் விதைக்கப்படும் மானாவாரிக் கடலை ஐப்பசி, கார்த்திகையில் பிடுங்கப்படுவதால், சிவனுக்கு உகந்த கார்த்திகைச் சோமவாரத்தின்போது உழவர் கையில் புதுக்காய் இருக்கும்.

1898-இல் நகரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசலான பேட்டையிலிருந்து மக்களைக் குடியமர்த்தும் விரிவாக்கப் பகுதியாகப் பசவனகுடி வளர்ந்தது. கதையில் வரும் ஊர்கள் ஒவ்வொன்றாக நகருக்குள் அடங்கியதால், காளை மேய்ந்ததாகச் சொல்லப்படும் நிலத்தில் கடலை விளைவது நின்றுபோனது. படையல் மட்டும் நிற்கவில்லை. சிந்தாமணி, கோலார், மாகடி முதலிய கர்நாடகப் பகுதிகளோடு தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் மூட்டைகள் வரத் தொடங்கின. புல் டெம்பிள் சாலையின் இருமருங்கிலும் சாக்குகளின் மேல் குவிக்கப்படும் பச்சை, வறுத்த, அவித்த காய்களைச் சேர் கணக்கில் அளந்து விற்கிறார்கள். வாங்குபவர் ஒரு காயை உடைத்துப் பருப்பின் பருமனையும் நிறத்தையும் பார்த்த பிறகே விலை பேசுகிறார். உழவர்களின் நன்றிக்கடன் வணிகர்களின் சந்தையாகிவிட்டது என்று இதைக் குறைகூறுவோர், சந்தை என்ற பொருள் பரிஷே என்ற பெயரிலேயே அடங்கியிருப்பதை மறந்துவிடுகின்றனர்.

அண்மைக்கால மாற்றம் நாட்கணக்கைச் சார்ந்தது. வழிபாட்டின் மையம் திங்கட்கிழமையாகவே நீடிக்க, வாணிபம் அதற்கு முந்தைய சனி, ஞாயிறுகளில் உச்சம் பெறுகிறது. அலுவலக விடுமுறையை நம்பி வரும் நகரவாசிகளின் கூட்டம் அந்நாட்களிலேயே திரள்கிறது. 2025-இல் விழா ஐந்து நாட்களாக நீட்டிக்கப்பட்டது. மல்லேசுவரத்தின் காடு மல்லேசுவரர் கோயிலும் இதே பெயரில் தனியொரு பரிஷேயை நடத்தத் தொடங்கியுள்ளது. காளை கல்லான கதை எதுவும் அங்கே தேவைப்படவில்லை.